அம்மாவின் மிளகாய்ச் செடிகளை நான் எப்படிக் கொன்றேன்? மாடித்தோட்டத்தின் நைட்ரஜன் கணக்கு

இந்த வாரம் கோடிங் இல்லை, இன்டர்வியூ டிப்ஸ் இல்லை. உரம் பற்றிப் பேசப் போறேன். ஆமா, செடிக்குப் போடுற உரம்தான். மாடியில நாலு குரோ பேக் வெச்சிருக்கிறவங்களுக்கு இது உடனே உதவும். வைக்காதவங்களும் கேளுங்க, ஏன்னா இது ஒரு பக் ரிப்போர்ட். பக் நான்தான்.

அப்பா இறந்த பிறகு அம்மாவை ராமநாதபுரத்துப் பக்கம் இருக்கிற எங்க ஊரிலிருந்து சென்னைக்குக் கூட்டிட்டு வந்தேன். வரும்போது ஒரு மஞ்சப்பையில துணி முடிச்சு ஒண்ணு கொண்டு வந்தாங்க. உள்ளே முண்டு மிளகாய் விதை. குண்டா, உருண்டையா இருக்குமே, அந்த மிளகாய். 2023-ல புவிசார் குறியீடு வாங்கியது. ஆனா அம்மாவுக்கு அதெல்லாம் விஷயமே இல்லை. அது அப்பா கடைசியா எடுத்த வெள்ளாமையோட விதை. அவ்வளவுதான்.

போன வருஷம் தை மாசம் நாற்று விட்டு, வாடகை வீட்டு மொட்டை மாடியில 14 செடி வெச்சாங்க. பழைய பெயின்ட் வாளி, செம்மண், கொஞ்சம் மக்கின சாணி. செடி நல்லாவே இருந்தது. நான் சும்மா இருந்திருக்கணும். இருக்கலை.

மொட்டை மாடிக்கு வெயிட் அதிகமாகுதுன்னு சொல்லி, எல்லாச் செடியையும் தேங்காய் நார்க்கழிவு நிறைய இருந்த ஒரு கலவைக்கு மாத்தினேன். அந்த நார்க்கழிவு சரியா மக்காதது. ரெண்டு வாரத்துல அடி இலையெல்லாம் மஞ்சள். நெட்ல தேடினேன், "நைட்ரஜன் குறைபாடு". சரி, ஆர்கானிக்தானே, எவ்வளவு போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சு, ஒவ்வொரு பையிலும் 200 கிராம் கடலைப் புண்ணாக்கு தூவினேன். அது போதாதுன்னு, அஞ்சு நாள் ஊற வெச்ச புண்ணாக்குத் தண்ணியைக் கலக்காம ஒரு மக் வீதம் ஊத்தினேன். முதல்ல நாத்தம் வந்தது. அப்புறம் எறும்பு, எலி, கீழ் வீட்டுக்காரர். பத்தே நாள்ல இலை நுனி கருகி, 14-ல 9 செடி போச்சு.

அம்மா திட்டலை. ரெண்டு நாள் மாடிப் பக்கமே போகலை. மூணாவது நாள் சோறு போடும்போது சொன்னாங்க: "காய்ச்சல்ல கெடக்குற பிள்ளைக்கு யாராச்சும் பிரியாணி ஊட்டுவாங்களாடா?"

அந்த ஒரு வரியிலிருந்துதான் இந்த எபிசோட். என்ன தப்பு நடந்ததுன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல் விஷயம். செடிக்கு நைட்ரஜன் எதுக்கு? புரதம் செய்ய, இலையோட பச்சையத்துக்கு, டி.என்.ஏ-வுக்கு. காற்றுல 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனா அதைச் செடியால நேரா எடுக்க முடியாது. வேர் பெரும்பாலும் எடுத்துக்கிறது ரெண்டு வடிவத்தைத்தான்: அம்மோனியம், நைட்ரேட். நீங்க சாணி போட்டாலும், புண்ணாக்கு போட்டாலும், யூரியா போட்டாலும் கடைசியில வேர் வாசல்ல வந்து நிற்கிறது இந்த ரெண்டும்தான்.

புண்ணாக்குல நைட்ரஜன் புரதமா இருக்கு. மண்ணுல இருக்கிற நுண்ணுயிர்கள் அதைத் தின்னு, உடைச்சு, அம்மோனியமா வெளியே விடும். இன்னொரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கி, அப்புறம் நைட்ரேட் ஆக்கும். அதாவது, நீங்க உரம் போடுறது செடிக்கு இல்லை. நுண்ணுயிருக்குப் போடுறீங்க. அது சாப்பிட்டு மிச்சம் வெக்கிறதுதான் செடிக்கு.

இப்போ நார்க்கழிவு ஏன் செடியை மஞ்சளாக்குச்சுன்னு புரியும். மக்காத நார்க்கழிவுல நைட்ரஜன் ஒரு பங்குன்னா கார்பன் நூறு பங்குக்கும் மேல. நுண்ணுயிருக்குக் கார்பன் எவ்வளவு கிடைச்சாலும், உடம்பு வளர்க்க நைட்ரஜனும் வேணும். இந்த விகிதம் சுமார் 25, 30-க்கு மேல போனா, அது சுத்தி இருக்கிற நைட்ரஜனையும் இழுத்துக்கும். செடி பட்டினி. நுண்ணுயிர்கள் செத்து மக்கும்போது அந்த நைட்ரஜன் திரும்ப வரும், ஆனா அதுக்கு நாள் ஆகும். நான் செய்திருக்க வேண்டியது, நார்க்கழிவை முன்னாடியே அலசி, கம்போஸ்ட்டோட சேர்த்து மக்க வெச்சிருக்கணும். செடியை நட்ட பிறகு இல்லை.

ரெண்டாவது விஷயம், கணக்கு. எஞ்சினியர்னு பேரு வெச்சுக்கிட்டு இதை நான் போடவே இல்லை.

பாசன மிளகாய்க்கு வழக்கமான ஒரு பரிந்துரை, ஹெக்டேருக்கு 120 கிலோ நைட்ரஜன். செடிக்குச் செடி 60-க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளி விட்டா, ஹெக்டேருக்குச் சுமார் 37,000 செடி. வகுத்தா ஒரு செடிக்கு 3.2 கிராம். முழுப் பருவத்துக்கும் சேர்த்து!

அந்த 3.2 கிராம் எதுல எவ்வளவு இருக்குன்னு பாருங்க. யூரியாவில 46 சதவீதம் நைட்ரஜன், அப்போ 7 கிராம் போதும். கடலைப் புண்ணாக்குல சுமார் 7 சதவீதம், அப்போ 45 கிராம். வேப்பம் புண்ணாக்கு சுமார் 5 சதவீதம், 65 கிராம். மண்புழு உரம் சுமார் ஒண்ணரை சதவீதம், 200 கிராமுக்கு மேல. தொழு உரம் அரை சதவீதம்தான், 600 கிராம் தாண்டும். பைக்குப் பை தரம் மாறும், அதனால இதெல்லாம் தோராயம். பையில ஊத்துற தண்ணியோட கொஞ்சம் சத்து அடியில ஒழுகிப் போகும், அதனால கொஞ்சம் கூடவும் தேவைப்படலாம். ஆனா நான் போட்டது என்ன? 200 கிராம் கடலைப் புண்ணாக்கு. 14 கிராம் நைட்ரஜன். ஒரு முழுப் பருவத்துக்குத் தேவையானதைப் போல நாலு மடங்குக்கும் மேல, ஒரே நாள்ல.

மூணாவது விஷயம்தான் முக்கியம். எவ்வளவுங்கிறதை விட, எப்போ கிடைக்கும்ங்கிறது. நம்ம பாஷையில சொன்னா லேட்டன்சி. யூரியா சில நாள்ல வேலை செய்யும். கடலைப் புண்ணாக்கு சென்னை வெயில்ல ஈரத்தோட இருந்தா சில வாரத்துக்குள்ள பெரும்பகுதி உடைஞ்சிடும். மண்புழு உரமும் தொழு உரமும் மெதுவா விடும்; அதுல இருக்கிற நைட்ரஜன்ல ஒரு பகுதிதான் முதல் பருவத்துல கிடைக்கும், மீதி மண்ணுல சேமிப்பு. வேப்பம் புண்ணாக்கு இன்னொரு ரகம். அம்மோனியம் நைட்ரேட் ஆகுற வேகத்தை அது குறைக்கும். அதனாலதான் 2015-ல நம்ம நாட்டுல தயாராகுற யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வரணும்னு அரசு சொன்னது. கூடவே வேர் முடிச்சு நூற்புழுவுக்கும் அது ஆகாது.

பஞ்சகவ்யம், மீன் அமிலம் கேட்பீங்க. ரெண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனா பஞ்சகவ்யத்தை 3 சதவீதமாக் கலந்து தெளிக்கும்போது அதுல போற நைட்ரஜன் ரொம்பக் கம்மி. அது துணைக்குத்தான். சாப்பாடு தனியா வேணும். டானிக் மட்டும் குடிச்சு யாரும் வளர முடியாது.

இதை அம்மாகிட்ட லேப்டாப்ல எக்செல் போட்டுக் காமிச்சேன். பொறுமையா பார்த்துட்டு, "உங்கப்பா கிடை போடுவாரே, ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டாங்க.

நகரத்துல வளர்ந்தவங்களுக்காகச் சொல்றேன். எங்க பக்கம் கீதாரிகள் ஆட்டு மந்தையோட வருவாங்க. காசோ நெல்லோ கொடுத்து, ராத்திரி நம்ம நிலத்துல மந்தையை அடைக்கச் சொல்லுவோம். அதுக்குப் பேர் கிடை. ஆட்டு மூத்திரத்துல இருக்கிற நைட்ரஜன் பெரும்பாலும் யூரியா, சீக்கிரம் கிடைக்கும். புழுக்கை மெதுவா மக்கும். ரெண்டு வேகமும் ஒரே ராத்திரியில நிலத்துக்கு வந்துடும்.

"கிடை முடிஞ்சா மறுநாளே ஏர் ஓட்டிருவாரு. வெயில்ல காயவிட்டா சாரம் போயிரும்பாரு"ன்னாங்க அம்மா. அந்தச் சாரம்தான் அம்மோனியா. ஈரமா, மேலாப்புல கிடந்தா காற்றுல ஆவியாப் போயிடும். மண்ணுக்குள்ள மூடினா தங்கும். எங்க அப்பாவுக்கு அம்மோனியா ஆவியாகுதல்னு சொல்லத் தெரியாது. ஆனா அவர் செய்தது அதைத் தடுக்கிற வேலைதான். நான் புண்ணாக்கை மேல தூவிட்டு வந்தேன். நாத்தமா மூக்குல ஏறினதுல ஒரு பங்கு நான் காசு கொடுத்து வாங்கின நைட்ரஜன். மீதி வேரைச் சுட்டது.

இது என் மாடியோட முடியிற விஷயம் இல்லை. 2021-ல இலங்கையில ரசாயன உர இறக்குமதியை ஒரே முடிவுல நிறுத்தினாங்க. நாடு முழுக்க இயற்கை விவசாயம்னு அறிவிப்பு. ஆனா அந்த நைட்ரஜனுக்குப் பதிலா எங்கிருந்து, எவ்வளவு, எந்த மாசம் வரும்ங்கிற ஏற்பாடு இல்லை. நெல் விளைச்சல் குறைஞ்சது, தேயிலையும் அடி வாங்கிச்சு. அந்த வருஷக் கடைசிக்குள்ள தடையைத் தளர்த்த வேண்டியதாச்சு. இயற்கை உரம் தோத்துப் போச்சுன்னு நான் சொல்லலை. கணக்கும் கால அவகாசமும் இல்லாம மாறினதுதான் தோத்தது. மண்ணு மாறப் பல வருஷம் ஆகும்.

சரி, இப்போ நாங்க என்ன செய்றோம்னு சொல்லி முடிச்சிடறேன்.

ஒண்ணு, மஞ்சள் தெரிஞ்சா முதல்ல எந்த இலைன்னு பார்ப்போம். வயசான அடி இலை சீரா மஞ்சளானா நைட்ரஜனா இருக்கலாம். செடி அதைப் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்பும். கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா, இரும்புச் சத்து. உப்பு போர் தண்ணி ஊத்துற வீடுகள்ல இது சகஜம். மண்ணு சொதசொதன்னு இருந்தா எந்த உரமும் வேண்டாம், தண்ணியை நிறுத்துங்க.

ரெண்டு, நடுறதுக்குப் பத்துப் பதினஞ்சு நாள் முன்னாடியே செம்மண், மக்கின நார்க்கழிவு, மண்புழு உரம், கூட 30 கிராம் வேப்பம் புண்ணாக்கு கலந்து ஈரமா வெச்சிடுவோம். கொதிப்பு அடங்கின பிறகுதான் நாற்று.

மூணு, கடலைப் புண்ணாக்கு மாசத்துக்கு ஒரு தடவை, செடிக்கு 10 கிராம். தண்டை விட்டுத் தள்ளி, கீறி, மண்ணால மூடணும். வயலுக்கே அந்த 120 கிலோவை நாலு பங்காப் பிரிச்சுத்தான் போடச் சொல்றாங்க, நடும்போதும் 30, 60, 90-ஆம் நாளும். ஊற வெச்ச தண்ணின்னா ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணி.

நாலு, சாம்பலையும் புண்ணாக்கையும் ஒண்ணாப் போடாதீங்க. சாம்பல் காரத்தன்மை, அம்மோனியாவைத் துரத்தி விட்டுடும். பூ எடுக்க ஆரம்பிச்சா நைட்ரஜனைக் குறைச்சுட்டு, சாம்பலைத் தனியா ஒரு சிட்டிகை, சாம்பல் சத்துக்காக. நைட்ரஜன் அதிகமான செடி கரும்பச்சையா, ஜோரா இருக்கும். அசுவினிதான் வரும், காய் வராது.

அஞ்சு, ஐப்பசி மழைக்கு முன்னாடி உரம் வைக்காதீங்க. நைட்ரேட் மழைத் தண்ணியோட அடியில ஒழுகிடும். அந்தப் பைகள்ல தட்டைப்பயறு போடுங்க. வேர் முடிச்சுல இருக்கிற பாக்டீரியா காற்று நைட்ரஜனைப் பிடிச்சுக் கொடுக்கும். பூக்கும்போது வெட்டி மண்ணுல மடக்கிடுங்க.

பிழைச்ச அஞ்சு செடியில ரெண்டுதான் நல்லாக் காய்ச்சது. அம்மா அதுல ஒரு காயைக் கூடக் குழம்புக்குப் பறிக்கலை. பழுக்கவிட்டு, காயவெச்சு, விதை எடுத்தாங்க. இந்தத் தையில அதைத்தான் விதைச்சோம். இப்போ 12 செடி. நான் தராசுல 10 கிராம் நிறுத்துக் கொடுக்கிறேன், அம்மா அதைக் கையில வாங்கிப் பார்த்துட்டு, கொஞ்சம் திருப்பி டப்பாவுலயே போடறாங்க. அதை நான் எக்செல்ல எழுதறதில்லை.

உங்க மாடியில என்ன நடக்குதுன்னு எழுதி அனுப்புங்க. செத்த செடிக் கதையா இருந்தா இன்னும் நல்லது, அதுலதான் கத்துக்கிறோம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.