முத்துசாமி வந்து சேராத துறைமுகம்



நினைவுச் சொற்பொழிவில் கணினி விளையாட்டைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கேட்டார்கள். காரணம் இந்த மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகள்தான். அவர்களோடு இருந்து ஒரு விளையாட்டை முழுவதும் பார்த்தேன். முடிவில் ஒரு பிள்ளை, "லோகெயின் துரோகியா, சேர்?" என்று கேட்டது. அன்று எனக்குப் பதில் வரவில்லை.

கனடாவின் எட்மன்ரன் நகரிலுள்ள பயோவேர் நிறுவனம் 2009 நவம்பரில் வெளியிட்ட 'டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்' என்ற விளையாட்டு அது. ஃபெரல்டன் என்பது அதில் வரும் கற்பனை நாடு. அந்நாட்டின் சேனாபதி லோகெயின். ஓர்லே என்ற பேரரசின் பிடியில் நாடு கிடந்த காலத்தில் பிறந்து, மரிக் அரசனோடு தோள்கொடுத்து நின்று அதை மீட்டவர். மரிக்கின் மகனும் அடுத்த அரசனுமான கெய்லனுக்குத் தன் மகளையே கட்டிக்கொடுத்தவர்.

ஒஸ்டகார் போர்க்களத்தில் இருள்படை என்ற அரக்கர் கூட்டம் பாய்கிறது. கோபுரத்தில் தீ மூட்டியதும் லோகெயின் தன் சேனையோடு பக்கவாட்டில் வந்து தாக்கவேண்டும் என்பது ஏற்பாடு. தீ எரிகிறது. அவர் அதைப் பார்க்கிறார். பிறகு பின்வாங்கும்படி கட்டளையிடுகிறார். பக்கத்தில் நிற்கும் பெண் தளபதி, அரசரின் கதி என்ன என்று கேட்கிறாள். அவள் கையைப் பிடித்து அதட்டுகிறார். அவள் தலைகுனிந்து சேனையைத் திருப்புகிறாள். கீழே பள்ளத்தில் மருமகன் செத்துப்போகிறான்.

அந்த இடத்தில் பிள்ளைகள் கத்தினார்கள். நான் கத்தவில்லை. தோற்கப்போகிற போரில் மிச்சப் படையையாவது காப்போம் என்று ஒரு சேனாபதி நினைக்கலாம். கெய்லன் பழைய எதிரியான ஓர்லேயிடமே படை கேட்டுக்கொண்டிருந்தான் என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. அது விவாதத்துக்குரிய விஷயம். எனக்கு நெஞ்சு கனத்தது அதற்குப் பிறகு. தலைநகரில் ஒதுக்குச் சேரியில் அடைபட்டுக் கிடக்கும் எல்ஃப் மக்களை வெளிநாட்டு அடிமை வியாபாரிகளுக்கு அவர் விற்றிருக்கிறார், போர்ச் செலவுக்குக் காசு வேண்டுமென்று. பிரபுக்கள் சபையில் அந்த அத்தாட்சியை வைக்கும்போது அவர் மறுப்பதில்லை. நாட்டுக்காகச் செய்தேன் என்கிறார். போர்க்களத்தில் பின்வாங்கியதற்கும் சொன்ன அதே நியாயம். அடுத்து வாளெடுத்து அவரை வீழ்த்தும் பொறுப்பும், கொல்வதா உயிரோடு விடுவதா என்ற முடிவும் விளையாடுகிறவர் தலையில் விழுகின்றன.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 1803 தொடக்கத்தில் ஆங்கிலேயர் கண்டிமேல் இரண்டு படைகளை அனுப்பினர். ஒன்று கொழும்பிலிருந்து. மற்றது லெப்டினன்ட் கேணல் பார்பட்டின் தலைமையில் இந்தத் திருகோணமலையிலிருந்து. நமது கோட்டைக்குப் பிரட்ரிக் கோட்டை என்று பெயர் வந்ததும் அதே வருடந்தான். கண்டி வெறிச்சோடிக் கிடந்தது. தங்களிடம் தஞ்சம் புகுந்திருந்த நாயக்க இளவரசர் முத்துசாமியை ஆங்கிலேயர் அங்கே அரியணையில் ஏற்றினார்கள். தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த் அவரோடு உடன்படிக்கையும் செய்தார். குடிகள் எவரும் அந்த அரசரைத் தேடி வரவில்லை. காய்ச்சல் வந்தது. சிப்பாய்கள் கொத்தாக மடிந்தார்கள். பார்பட்டும் போனார்.

மே மாதம் தம்பதெனியவில் நோர்த்தும் கண்டி முதலமைச்சர் பிலிமத்தலாவையும் சந்தித்தார்கள். அதிகாரம் பிலிமத்தலாவைக்கு, முத்துசாமிக்கு யாழ்ப்பாணத்தில் ஓய்வூதியம் என்று பேசி முடித்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகாத உடன்படிக்கையை நோர்த் ஒரு பேச்சில் கழற்றிப்போட்டார். மறுபக்கம் பிலிமத்தலாவை, தான் முதலமைச்சராக இருந்த கண்டி அரசரையே பிடித்து ஆங்கிலேயரிடம் தருவதாக வாக்களித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 24இல் கண்டிப் படை தாக்கியது. அங்கிருந்த ஆங்கிலப் படையின் தலைவர் மேஜர் டேவி சரணடைந்தார். ஆயுதங்களோடு, முத்துசாமியையும் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்குப் போகலாம் என்பது நிபந்தனை. வட்டபுளுவத் துறையில் மகாவலி பெருக்கெடுத்து ஓடியது. தோணி இல்லை. தெப்பம் கட்டப் பார்த்தார்கள். அங்கே கண்டியர் வந்து, முத்துசாமியைத் தந்தால் வழிவிடுகிறோம் என்றார்கள். டேவி முதலில் மறுத்தார். பிறகு கொடுத்தார். முத்துசாமி கொல்லப்பட்டார். ஜூன் 26இல் ஆயுதம் களையப்பட்ட டேவியின் ஆட்களும் கொல்லப்பட்டார்கள். கண்டியில் படுத்த படுக்கையாக விட்டுவந்த நோயாளிகளும் தப்பவில்லை.

டேவியின் பெயர் அந்த ஆற்றங்கரையோடு ஒட்டிப்போயிற்று. அவரை நான் மன்னிக்கவில்லை. தஞ்சம் வந்தவனைக் கையளித்தது கையளித்ததுதான். ஆனாலும் அவருக்குப் பின்னால் ஆறு ஓடியது, முன்னால் கத்தி நின்றது. தம்பதெனியவில் நோர்த்துக்கு முன்னால் மேசையும் மைக்கூடும் மட்டுந்தான் இருந்தன. முத்துசாமியை முதலில் விற்றவர் அவர். ஒஸ்டகாரைவிட அடிமை விற்பனையில்தான் லோகெயின் அதிகம் விழுந்தார் என்று நான் சொல்வதும் இதனால்தான். உயிர்ப்பயத்தில் செய்த துரோகத்தைவிட, ஆற அமர இருந்து, வாயில்லாத சனத்தை விலைபேசி, அதற்கு நாட்டின் பெயரைச் சூட்டுவது கொடியது.

இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கோணேசர் மலையடியில் வீடணன் பெயர் இன்றும் வசைதான். அண்ணனிடம் நியாயம் சொல்லிப்பார்த்தவன் அவன் என்பதை நாம் நினைப்பதில்லை. எண்பதுகளில் 'துரோகி' என்ற சொல் அட்டையில் எழுதப்பட்டு, மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களின் கழுத்தில் தொங்கியது. அதைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அந்த மனிதர்களிடம் எவரும் சபை கூட்டி விளக்கம் கேட்கவில்லை. கற்பனை நாட்டுச் சேனாபதிக்குக் கிடைத்த விசாரணை நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே, பிள்ளையே, உன் கேள்விக்குப் பதில்: ஆம், லோகெயின் துரோகிதான். நீ கத்திய இடத்தில் அல்ல, காசு வாங்கிய இடத்தில். அடுத்த முறை அந்தச் சொல் உன் வாயில் வரும்போது, மேசையில் இருந்து பேசி முடித்தவர் யார் என்று தேடிப் பார்.

டேவி உயிரோடு பிடிபட்டு, சுமார் 1812 வரை கண்டியில் கைதியாகவே இருந்து அங்கேயே இறந்தார். திருகோணமலைக்கென்று புறப்பட்ட அவரும் இங்கே வந்து சேரவில்லை.