தண்ணீர் இரும்பை உடைக்குமா?



2019-ஆம் ஆண்டு மே மாதம் ஒரு நாள் மாலை, பள்ளி விட்டுப் பிள்ளைகள் போன பிறகு, நம் பழைய மாணவன் ஒருவனின் தாயார் வாசலில் வந்து நின்றார். தோட்டத்தில் பால் மரம் சீவும் அம்மையார். மகன் கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்தான். சனி ஞாயிறுகளில், ஏரிக்கரையில் படகு வாடகைக்கு விடும் இடமொன்றில் வேலை. அங்கே ஒரு படகு மோட்டார் வெடிப்பு விட்டதென்று அவன் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்களாம்.

"உள்ளே தண்ணி நின்னு ஒடைச்சிடுச்சுன்னு சொல்றாங்களாம் சார். பச்சத் தண்ணி இரும்ப ஒடைக்குமா? வெளியூர்ப் பிள்ளைன்னு ஏய்க்கிறாங்களா?" என்று கேட்டார்.

நேயர்களே, கேள்வி நியாயமானது. பனிக்கட்டியை ஐஸ் பெட்டியில் மட்டுமே பார்த்த நமக்கு, தண்ணீர் என்றால் மெத்தென்ற பொருள்தானே?

பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீரும் 4 டிகிரி செல்சியஸ் வரை அப்படித்தான் சுருங்குகிறது. அதற்குக் கீழே போனால் குணம் மாறிவிடும். 0 டிகிரியில் உறையும்போது அதன் நுண்துகள்கள் இடைவெளி விட்டு வரிசை கட்டி நிற்கின்றன. அதனால் 100 பங்கு தண்ணீர் ஏறத்தாழ 109 பங்கு பனிக்கட்டி ஆகிறது. அந்த ஒன்பது பங்குக்கு இடம் கிடைத்தால் தொல்லையில்லை. இடம் இல்லாமல் அடைபட்டால், சுற்றியிருக்கும் சுவரை நெட்டித் தள்ளும். வார்ப்பிரும்பும் அலுமினியமும் அந்த அழுத்தத்துக்கு நிற்பதில்லை.

சரி, படகு மோட்டாருக்குள் தண்ணீருக்கு என்ன வேலை? படகின் பின்பலகையில் மாட்டும் மோட்டாரை நம் ஆற்று முகத்துவாரங்களில் பார்த்திருப்பீர்கள். நம் தோட்டத்து லாரியில் ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றி எஞ்சினைக் குளிரவைக்கிறது. படகு மோட்டார் அப்படியல்ல. அடிப்பகுதியில் உள்ள சிறு ரப்பர் இறகுச் சக்கரம் ஆற்றுத் தண்ணீரையோ ஏரித் தண்ணீரையோ உறிஞ்சி மேலே அனுப்பும். அது எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி வெளியே போய்விடும். குளிர்நாட்டு லாரியின் ரேடியேட்டரில் உறையாமைத் திரவம் கலக்கிறார்கள். ஓடும் படகு மோட்டாரில் அதைக் கலந்து பயனில்லை. ஏரியையே அல்லவா கலக்க வேண்டும்!

ஆகவே அங்கே உள்ள வழி ஒன்றுதான். குளிர்காலத்துக்குமுன் உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்துவிட வேண்டும். மோட்டாரை நிமிர்த்தி, நீரில் இருப்பதுபோல நேராக நிறுத்தினால் போதும். தண்ணீர் தானாகவே இறங்கிவிடும். படுக்க வைத்தால் வளைவுகளிலும் குழாய்களிலும் தேங்கி நிற்கும். நம் பையன் செய்தது அதுதான். மோட்டாரை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறான். அது சரியான வேலை. கழுவின கையோடு, வடிய விடாமல், சூடேற்றாத கொட்டகையில் படுக்க வைத்துவிட்டான். இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஏரிகள் கொண்ட அந்த மாநிலத்தில் குளிர்காலம் பல மாதம் நீளும். தேங்கிய நீர் உறைந்தது; வசந்தத்தில் மோட்டாரை எடுத்து ஓட்டியபோது எஞ்சினின் பக்கவாட்டில் நீர் கசிந்தது.

இன்னோர் இடமும் உண்டு. விசிறிக்கு முன்னால், பல்சக்கரங்கள் எண்ணெயில் சுழலும் பெட்டி. அதன் அடைப்பு தேய்ந்திருந்தால் உள்ளே நீர் புகும். எண்ணெயைவிட நீர் கனமானதால் அடியில் போய்த் தங்கும். அது உறைந்தால் பெட்டி பிளந்துவிடும். ஆகவே குளிர்காலம் பிறக்குமுன்பே கீழ்த் திருகைக் கழற்றி, பிறகு மேல் திருகையும் கழற்றி, பழைய எண்ணெயை வடிப்பார்கள். எண்ணெய் பால்போல வெளுத்து வந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். அடைப்பை மாற்றாமல் புது எண்ணெய் ஊற்றுவது வீண். புது எண்ணெயைக் கீழ்த் துளை வழியாகவே ஏற்றுவார்கள். மேல் துளையில் அது வழிந்தால் உள்ளே காற்று இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

படகிலேயே மோட்டாரை விட்டுவைப்பவர்கள் அதைத் தூக்கிச் சாய்த்து வைப்பதுண்டு. அப்போது விசிறியின் குழியில் மழை நீரும் பனியும் சேர்ந்து உறையும். மழை நாளில் நாம் பால் மங்கைக் கவிழ்த்து வைப்பதில்லையா? அதே காரணத்துக்காக அவர்கள் மோட்டாரைக் கீழே இறக்கி விடுகிறார்கள்.

உறையும் குளிரிலும் மீன்பிடிக்கப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் வேலை முடியும்வரை மோட்டாரின் அடிப்பகுதியை நீருக்குள்ளேயே வைப்பார்கள். வியப்பாக இருக்கிறதா? மேலே பனி மூடினாலும் அடியில் உள்ள நீர் உறையாது, வெளிக்காற்றுதான் ஆபத்து. வெளியே எடுத்தால் நேராக நிறுத்தி முழுதும் வடிய விடுவார்கள். ரப்பர் சக்கரம் பனியில் ஒட்டியிருக்கும்போது கயிற்றை இழுத்துக் கிளப்பினால் இறகுகள் பிய்ந்துவிடும். கடல் நீருக்கும் இது பொருந்தும். உப்பு இருப்பதால் அது ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரியில் உறைகிறது, அவ்வளவுதான்.

இவ்வளவையும் அம்மையாரிடம் சொன்னோம். அவர் முகம் தெளியவில்லை. "வீட்டில் பிளாஸ்டிக் புட்டியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். கண்ணாடிப் புட்டி மட்டும் வேண்டாம், அது வெடித்துக் கையைக் கிழிக்கும்" என்று அனுப்பினோம்.

மறுநாள் வகுப்பு நடக்கும்போதே வந்துவிட்டார். புட்டி வயிறு உப்பி, அடி பிதுங்கி, மேசைமேல் நிற்க மாட்டாமல் உருண்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை.

"தண்ணி ஒடைக்கும்னு ஒத்துக்கிறேன் சார். ஆனா பனியே பார்க்காத பிள்ளைகிட்ட முன்கூட்டிச் சொல்லியிருக்கலாமில்ல?"

சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் நாமும் நினைக்கிறோம். அன்று இரவே மகனுடன் தொலைபேசியில் பேசினோம். சொல்லாமல் விட்டதை எடுத்துச்சொல்லிப் பிடித்தத்தில் பாதியையாவது கேள் என்றோம். கேட்டான், பாதி திரும்பக் கிடைத்தது. அடுத்த குளிர்காலத்தில் ஒரு படம் அனுப்பினான். கொட்டகைச் சுவரோரம் எட்டு மோட்டார்கள் வரிசையாக நேராக நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பழைய தகர டப்பா, சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க.