கொடியடுப்பும் பரணும்

(‘காரியங்களைத் தள்ளிப் போடுவது குடும்பத்துக்கு நன்மையா, தீமையா?’ என்ற தலைப்பில், மந்தைவெளிப் பட்டிமன்ற மேடையில், ‘தீமையே’ என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதைக்கூடத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) மந்தைவெளிப் பெருமக்களே! அடுப்பை ‘சிம்’மில் வைத்துவிட்டு டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னாலே பேசிய தம்பி அழகாகச் சொன்னார். “எல்லாத்தையும் ஒரே நேரத்திலே செய்ய முடியுமா? சிலதை பேக் பர்னர்லே போட்டுத்தான் வைக்கணும்” என்றார். நல்ல இங்கிலீஷ். ஆபீஸிலே மேனேஜர் சொல்கிறார், வீட்டிலே பையன் சொல்கிறான். “கரண்ட் பில் கட்டினியாடா?” “பேக் பர்னர்லே இருக்குப்பா!” (சிரிப்பு)

ஐயா, நம்மிலே பல வீட்டு காஸ் அடுப்பிலே இருப்பதே ரெண்டு பர்னர். ஒன்று இடது, ஒன்று வலது. பின்னாலே சுவர்தான் இருக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

அது மேல்நாட்டு அடுப்பிலே பிறந்த சொல். நாலு பர்னர். கிளறிக்கொண்டே இருக்க வேண்டியது முன்னாலே, மெள்ள வேக வேண்டியது பின்னாலே. நமக்கு இது புதுசா? பாட்டி வீட்டு மண்ணடுப்பை நினைத்துப் பாருங்கள். பெரிய அடுப்பு, அதை ஒட்டினாற்போல ஒரு சின்ன அடுப்பு. அதற்குப் பெயர் கொடியடுப்பு. அதுக்குத் தனியா விறகு கிடையாது. பெரிய அடுப்பின் அனல் ஒரு துவாரம் வழியா அங்கே போகும். சோறு இங்கே கொதிக்கும், ரசம் அங்கே சூடாக இருக்கும்.

ஆனால் ஒன்று. கொடியடுப்பிலே இருப்பது மறந்துபோனது அல்ல. அதன் கீழே அனல் இருக்கு. பாட்டியின் ஒரு கண் அதன் மேலேயே இருக்கு. நாம் வைக்கிற இடம் அதுவா? நாம் தூக்கிப் போடுவது பரணிலே. ஓட்டை அண்டாவுக்கும் பழைய தொட்டிலுக்கும் நடுவிலே போட்டுவிட்டு, அதுக்குப் பேக் பர்னர் என்று பெயர் வைக்கிறோம்! (கைதட்டல்)

தமிழ் இதிலே ஏமாற்றாது ஐயா. கோபத்தை ஆறப்போடலாம், நல்லது. அரிசியை ஊறப்போட்டால் இட்லி வரும். கல்யாணத்தை ஒத்திப்போட்டால் வேறு தேதி சொல்லணும். கிடப்பில் போட்டாலோ தேதியும் கிடையாது, இட்லியும் கிடையாது. (சிரிப்பு) இந்த நாலையும் ஒரே இங்கிலீஷ் போர்வையாலே மூடிவிடுகிறோம்.

இந்த ஊரே சாட்சி. பறக்கும் ரயில் 1997-லே திருமயிலை வரைக்கும் வந்துவிட்டது. அடுத்த ஸ்டேஷன் மந்தைவெளி. நடந்தால் கால் மணி நேரம். ரயில் வந்து சேர்ந்தது 2004-லே! (சிரிப்பு) ஆனாலும் நான் குறை சொல்ல மாட்டேன். கால்வாய் ஓரத்திலே தூண் எழும்பிக்கொண்டே இருந்தது. அனல் இருந்தது. 2007-லே வேளச்சேரிக்கும் போனது. அப்புறம் பரங்கிமலைக்குப் போகிற 5 கிலோமீட்டர், சுமார் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கிலே ஆண்டுக்கணக்காக நின்றது. இந்தப் பக்கம் தூண், அந்தப் பக்கம் தூண், நடுவிலே ஆகாயம். செலவு மட்டும் நிற்காமல் ஏறியது.

ரயிலாவது பிறகு வரும். வராத ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. அம்மா சொன்னார்: “பார்வை மங்கலா இருக்குடா. பக்கத்திலே வர்றவங்க தெரியலை, இடிச்சுக்கறேன்.” மகன் நல்ல பிள்ளைதான். “புரையா இருக்கும்மா. பாப்பா பரீட்சை முடியட்டும்.” பரீட்சை முடிந்தது. “தங்கச்சி வளைகாப்பு முடியட்டும்.” அம்மாவே சொன்னார்: “எனக்கென்னடா அவசரம்?” ரெண்டு வருஷம் போனது.

டாக்டர் பார்த்தார். புரை மட்டும் இல்லை, க்ளாக்கோமா. புரை என்றால் லென்ஸை மாற்றிப் பார்வையை மீட்கலாம். க்ளாக்கோமாவிலே நரம்பு கெட்டுப் போன பார்வை போனதுதான். மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். மகன் அழுதான். அந்தத் தாய் சொன்னார்: “விடுடா, நேரே பார்த்தா பாப்பா முகம் தெரியுது.”

வினைசெயல்வகையிலே வள்ளுவர் தாமதமே கூடாது என்று சொல்லவில்லை. தாமதித்துச் செய்ய வேண்டியதைத் தாமதித்துச் செய், கூடாததைத் தாமதிக்காதே என்றார். புரை ஆபரேஷனை டாக்டரைக் கேட்டுத் தள்ளிப் போடலாம். பரிசோதனையைத் தள்ளிப் போடலாமா? (கைதட்டல்)

இன்னொன்றும் கவனியுங்கள். எந்த வீட்டிலாவது பையனுடைய ட்யூஷன் ஃபீஸ் பரணுக்குப் போயிருக்கிறதா? அப்பாவின் காலை காபி போயிருக்கிறதா? போவதெல்லாம் அம்மாவின் கண், அம்மாவின் மூட்டுவலி, அம்மா பாதியிலே விட்ட படிப்பு. அவரும் “எனக்கென்ன அவசரம்” என்று தானே ஏணி போட்டு ஏற்றிவிடுகிறார்.

அதனாலே, இனிமேல் யாராவது பேக் பர்னர் என்றால் ரெண்டே கேள்வி கேளுங்கள். என்னைக்கு? யார் பார்த்துக்கறது? ரெண்டுக்கும் பதில் வந்தால் அது கொடியடுப்பு. வரவில்லையென்றால் பரண். இன்று ராத்திரியே அம்மாவைக் கேளுங்கள். நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தால், எதிரணி ஜெயித்துவிடும்! (சிரிப்பு)

ஆறின கஞ்சி பழங்கஞ்சி. நடுவர் ஐயா, தீர்ப்பையும் சூட்டோடு சூடாக எங்கள் பக்கமே தாருங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)