செம்புப் பொடியும் மின்னோட்டக் கணக்கும்

 

மின்சாரத்தின் துணையால் செம்புப் பொடி செய்யும் சிறுதொழில் ஒன்றைச் சங்கத்தின் நிதியைக் கொண்டு நாமே தொடங்கலாமா என்று இளைஞர் சிலர் செயற்குழுவிடம் விண்ணப்பம் கொடுத்துள்ளனர். அதுபற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். வாழ்த்துரை கூறி அமர்வதினும் இதுவே பயனுடையது என்று கருதி இசைந்தேன்.

செம்பைப் பொடியாக்கி என்ன செய்வது என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். மோட்டாருக்குள் சுழலும் பகுதியோடு உரசி நிற்கும் கார்பன் பிரஷ்கள் பலவற்றில் கரியோடு செம்புப் பொடியும் கலந்திருக்கும். அடிக்கடி எண்ணெய் விடாமலே நெடுநாள் ஓடும் வெண்கல பேரிங்குகளும் உண்டு. செம்புப் பொடி 90 பங்கு, வெள்ளீயப் பொடி 10 பங்கு சேர்த்து, அச்சிலிட்டு அழுத்தி, செம்பு உருகாத வெப்பத்தில் உலையில் சுட்டால், நுண்ணிய துளைகளோடு அது இறுகிவிடும். அத்துளைகளில் எண்ணெயை ஊறவிடுவார்கள். உருக்கி வார்த்த வெண்கலத்தில் இவ்வியல்பு எளிதில் அமையாது.

இனிச் செய்முறையைப் பார்ப்போம். மயில்துத்தக் கரைசலில் இரு செம்புத் தகடுகளை நிறுத்தி மின்சாரம் செலுத்தினால், நேர்மின்வாய்த் தகடு கரையும். எதிர்மின்வாய்த் தகட்டின்மீது செம்பு படியும். எவ்வளவு மின்சாரம் சென்றதோ அதற்கு ஏற்ற அளவே உலோகம் படியும் என்பது மைக்கேல் பாரடே 1834இல் வெளியிட்ட விதி. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரத்தில் படியவைக்கும் செம்பு 1.185 கிராம். இதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள்.

பள்ளியில் பெரும்பாலும் சொல்லித்தராத செய்தி ஒன்று உண்டு. அதே செம்பு, அதே அமிலம், அதே மின்சாரம். ஆயினும் ஒரு தொட்டியில் பளபளப்பான முலாமும் மற்றொரு தொட்டியில் உதிரும் பொடியும் கிடைப்பது ஏன்? முலாம் பூசுவோர் லிட்டருக்கு ஏறத்தாழ 50 கிராம் செம்பு உள்ள கரைசலில் மின்னோட்டத்தை அளவோடு விடுவர். வந்து சேரும் அயனிகள் ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் அமர்ந்து தகடு வழவழப்பாகும். பொடி செய்வோர் செம்பை லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை குறைத்து, கந்தக அமிலத்தை மிகுத்து, தகட்டின் ஒவ்வொரு சதுர டெசிமீட்டருக்கும் செல்லும் மின்னோட்டத்தைப் பல மடங்கு உயர்த்துவர். அப்போது தகட்டையொட்டிய கரைசலில் செம்பு அயனிகள் தீர்ந்துபோகின்றன. வருவதைவிட வேண்டப்படுவது மிகுகின்றது. லாரியில் தண்ணீர் வரும் நாளில் கை நீண்டவர் குடமே முதலில் நிறைவதைப் பார்த்திருக்கிறோமல்லவா? அதுபோல, தகட்டில் சற்றே முன்னோக்கி நீண்ட முனைகள் மட்டும் அயனிகளைப் பற்றிக்கொண்டு மேலும் நீள்கின்றன. கிளைவிட்டுச் சிறு செடிபோல் வளர்கின்றன. உடன் ஹைட்ரஜன் குமிழிகளும் எழும். அந்தப் பஞ்சுபோன்ற படிவை அவ்வப்போது துடைத்து விட்டால் தொட்டியின் அடியில் பொடியாகச் சேரும்.

செலவைக் கணக்கிடுவோம். ஒரு கிலோ செம்புக்குச் சுமார் 844 ஆம்பியர்-மணி தேவை. பத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்குப் போயிற்று என்று கொண்டால் ஏறத்தாழ 940. தொட்டியின் மின்னழுத்தம் ஒன்றரை வோல்ட் என்றால், கிலோ ஒன்றுக்குச் சுமார் 1.4 யூனிட். விண்ணப்பத்தில் கண்டிருப்பதும் இதுவே. இக்கணக்கில் பிழையில்லை. ஆனால் சுவிட்சை நிறுத்திய பிறகே தொழிலின் கடினமான பகுதி தொடங்குகிறது.

நுண்பொடியின் மேற்பரப்பு மிகப் பெரிது. அமில ஈரத்தோடு காற்றில் வைத்தால் விரைவில் கறுத்துப்போகும். ஆகவே கழுவ வேண்டும். கழுவிய நீரில் பேரியம் குளோரைடு விட்டால் வெண்மை தோன்றாத வரையில் கழுவ வேண்டும். நீர்த்த சோப்புக் கரைசலில் நனைத்து, வெற்றிடத்திலோ ஹைட்ரஜன் சூழலிலோ உலர்த்த வேண்டும். ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு என்பதை நினைவில் வையுங்கள். பிறகு 45 மைக்ரான் போன்ற சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிக்க வேண்டும். வாங்குவோர் கேட்பது பொடியை மட்டுமன்று. சென்ற மாதத்துப் பொடியின் பருமனும் எடையும் இம்மாதமும் மாறாதிருக்க வேண்டும் என்பார்கள்.

தொட்டியிலிருந்து எழும் குமிழிகள் அமிலப் புகையைச் சுமந்து வரும். கழுவிய நீரில் செம்பு இருக்கும். அது மீன்களைக் கொல்லும். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவின்றித் தொடங்க இயலாது; தொடங்கவும் கூடாது. ஊரின் கழிவெல்லாம் நம் தெருப்பக்கம் வந்து சேர்வதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள் நாம். நம் கையாலேயே அதைச் செய்வது தகாது.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். முலாம் பட்டறைகளில் அமிலத் தொட்டியருகே நிற்பதற்கு நம் பிள்ளைகளைக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். அம்மீட்டரைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவதற்குக் கூப்பிட்டதை நான் கேட்டதில்லை. நம் சங்கம் தொடங்கும் பட்டறையிலும் கணக்கு வெளியாரிடமும் கழுவுதல் நம்மிடமும் இருக்குமாயின், அதற்கு இச்சங்கம் எதற்கு? அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சக்தித் திட்டங்களையும் தம் பொறுப்பில் கொண்டிருந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம்.

நம் மாநிலத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்டது. உலோகப் பொடி தயாரிப்பும் அங்கே ஆய்ந்த துறைகளுள் ஒன்று. வேதியியலோடு மின்வேதியியலும் இணைந்த பொறியியல் பட்டப்படிப்பும் அங்கே உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் படிப்போர் இதை விசாரித்து வைக்க வேண்டும்.

ஆகவே என் கருத்து இது: இவ்வாண்டு பட்டறை வேண்டாம். நம் இரவுப் பாடசாலையில், காற்றோட்டமான இடத்தில், ஐந்து லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று, ரெக்டிஃபையர் ஒன்று, அம்மீட்டர், நல்ல தராசு ஆகியவற்றை வாங்குவோம். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, வேதியியல் ஆசிரியர் ஒருவர் உடனிருக்க, அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்றி, ஒருபோதும் நீரை அமிலத்தில் ஊற்றாமல், பழகட்டும். பத்து ஆம்பியரை ஒரு மணி நேரம் செலுத்தினால் கணக்குப்படி 11.85 கிராம் வர வேண்டும். தராசில் எத்தனை கிராம் வந்தது, குறைந்தது எங்கே போயிற்று, ஒரு வாரம் கழித்துப் பொடியின் நிறம் என்ன என்பவற்றை விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட இளைஞர்கள் முறைவைத்து எழுதட்டும். ஆறு மாதக் குறிப்பேட்டைச் செயற்குழு பார்த்த பின்னர், பட்டறை பற்றிய விண்ணப்பத்தை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.