ஒற்றைக் கண்ணும் இரட்டைக் கண்ணும்
(பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேசப்போகும் விஷயத்தைக் கேட்டு உங்களில் சிலர் முகஞ் சுளிக்கலாம். அதாவது பெண்களுக்கு அடி இறங்கும் நோயைப் பற்றியது. நாலைந்து பெற்ற தாய், கர்ப்பப்பை கீழே தள்ளி, உட்காரவும் மாட்டாமல், மூத்திரத்தை அடக்கவும் மாட்டாமல், வருஷக்கணக்காய்ப் பொறுத்துக்கொண்டிருப்பாள், புருஷனிடங்கூடச் சொல்லமாட்டாள். கேட்டால் தலையெழுத்து என்பாள். தலையில் என்ன ஐயா எழுத்து? கர்ப்பப்பையைத் தாங்கும் தசையும் நாரும் பிரசவத்தில் நைந்துபோயின. அவ்வளவுதான் சங்கதி.

லேசாக இருந்தால் தசைப் பயிற்சியும், உள்ளே வைத்துக்கொள்ளும் வளையமும் போதும். முற்றிவிட்டால் ஆப்பரேஷன். அதில் ஒருவகை, வயிற்றைக் கிழிக்காமல் நாலைந்து சிறு துளைகள் போட்டு, ஒன்றில் காமிராக் குழாயை விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே செய்வது. வலை போன்ற பட்டையின் ஒரு முனையை யோனியின் மேற்பாகத்திலும், மறுமுனையை முதுகெலும்புக்கு அடியிலுள்ள திரிக எலும்பின் மேல் விளிம்பிலும் தைத்து நிறுத்துகிறார்கள். அந்த விளிம்பை ஒட்டிப் பெரிய ரத்தக் குழாய்கள் போகின்றன. ஊசி எவ்வளவு ஆழம் போகிறது என்பது உயிர்ச் சங்கதி.

வீட்டுக்குப் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். சாதாரணக் காமிராப் படம் அப்படித்தான் தட்டையாக இருக்கிறது. கைதேர்ந்த டாக்டர் நிழலையும் அசைவையும் கொண்டு ஆழத்தை ஊகித்துக்கொள்ளுகிறார். முப்பரிமாணக் காமிராவோ இரண்டு படங்களை எடுத்து, கண்ணாடி மூலம் கண்ணுக்கொன்றாகக் கொடுக்கிறது. தையல் போடுவதும் முடிச்சிடுவதும் இதனால் விரைவாகின்றன, பிசகு குறைகிறது என்று பயிற்சிப் பரிசோதனைகள் பல காட்டியிருக்கின்றன. சில டாக்டர்களுக்குத் தலைவலியும் வருகிறதாம்!

சரி, இரட்டைக் கண்ணோடு இயந்திரக் கையும் சேர்ந்தால்? அதுதான் ரோபோ. அமெரிக்காவில் கிளீவ்லண்டு வைத்தியசாலையில் 78 பெண்களைச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சாதாரணத் துளை முறையிலும், மற்றதற்கு ரோபோவைக் கொண்டும் இந்த ஆப்பரேஷனைச் செய்தார்கள். 2011-ல் முடிவு வெளிவந்தது. ரோபோவுக்கு ஒரு மணிக்கு மேல் அதிக நேரம், வலி அதிகம், பணமும் அதிகம். ஒரு வருஷங் கழித்துப் பார்த்தால் குணம் இரண்டு பிரிவுக்கும் ஒன்றே. நேரங் கூடியது மெஷினால், கண்ணால் அல்ல என்று சிலர் வாதிப்பார்கள். இருக்கட்டும், பில் கட்டுகிறவர் நாமல்லவா?

ரோபோ கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. சாமி சொல்லிற்று என்றால் சாட்சி கேட்கிறோம். மெஷின் வந்திருக்கிறது என்றால் மட்டும் ஏன் வாயைப் பிளக்கவேண்டும்? யோனி வழியாக வைத்த வலைப் பட்டைகளையும் ஒருகாலத்தில் புதுமை என்றுதான் விற்றார்கள். 2019-ல் அமெரிக்க சர்க்காரே அவற்றின் விற்பனையை நிறுத்த உத்தரவு போட்டது.

ஆதலால் தாய்மார்களே, முதலில் வாயைத் திறந்து நோயைச் சொல்லுங்கள். பிறகு, "இந்த ஆப்பரேஷனை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? எத்தனை பேருக்குத் திரும்ப இறங்கிற்று?" என்று டாக்டரைக் கேளுங்கள். எந்தக் காமிரா என்பதை அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.