யாருடைய உழைப்பு முதலானது?

(அண்ணல் அம்பேத்கர் நினைவுநாள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 6 அன்று அண்ணலைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் அரசியல் சட்டத்திலிருந்து தொடங்குவார்கள். நான் அவருடைய பொருளியலிலிருந்து தொடங்குகிறேன். கொலம்பியாவிலும் லண்டனிலும் அவர் படித்தது பொருளியல். ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவருடைய ஆய்வு 1923-ல் நூலாக வந்தது. பனியன் ஊரில் வாழும் நாம், தொழிலையும் முதலாளியத்தையும் பற்றிய புத்தகங்களை எப்படி வாசிக்க வேண்டும் என்பதை அவரிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். நான் ஆய்வாளன் அல்ல. கைமடியாக வேலைக்குச் சேர்ந்து, தையல் பழகி, கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் புத்தகம் வாசித்தவன். ஒரு வாசகனின் கருத்தாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வந்தார், ஏற்றுமதிக்கு வழி திறந்தது, உழைத்தவன் முதலாளியானான் என்பது அந்தக் கதை. 'உழைப்பால் உயர்ந்த ஊர்' என்று மேடைதோறும் சொல்கிறார்கள். இந்தக் கதையை ஆழமாக ஆராய்ந்த நூல் ஷரத் சாரி எழுதியது. 2004-ல் ஆங்கிலத்தில் வந்தது. தலைப்பைத் தமிழில் 'சகோதர மூலதனம்' என்று சொல்லலாம். அவர் சந்தித்த முதலாளிகளில் பலர் கொங்கு வேளாளக் கவுண்டர்கள். அவர்களிலும் பலர் ஒரு காலத்தில் தொழிலாளர்கள். எப்படி மேலே வந்தீர்கள் என்று கேட்டால் 'உழைப்பு' என்றே பதில் வந்திருக்கிறது. சாரி இதைப் பொய் என்று தள்ளவில்லை. தோட்டத்தில் தானும் இறங்கி வேலை செய்துகொண்டே ஆட்களை வேலை வாங்கிய பழக்கம் எப்படிக் கம்பெனிக்குள் வந்தது என்று காட்டுகிறார். கூட்டு சேர்ந்து, யூனிட் யூனிட்டாகப் பிரித்து, சொந்தபந்தங்களுக்குள் தொழிலை வளர்த்ததை விளக்குகிறார். இந்த ஊரில் படிக்கும் மாணவர்கள் அவசியம் வாசிக்க வேண்டிய நூல் அது.

அதை வாசித்து முடித்தபோது எனக்குள் ஒரு கேள்வி நின்றது. அதே தோட்டத்தில் மாதாரியும் உழைத்தாரே, அந்த உழைப்பு ஏன் முதலாகவில்லை?

இதற்குப் பதில் எனக்கு ஒரு நாவலில் கிடைத்தது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' 2000-ல் வந்தது. கவுண்டர் பண்ணையங்களில் கட்டுப்பட்டு ஆடு மேய்க்கும் சக்கிலியச் சிறுவர்களின் கதை. இலக்கிய மாணவர்கள் வாசிக்கிறார்கள். வணிகவியல் மாணவர்களும் வாசிக்க வேண்டும் என்பேன். விடிந்ததிலிருந்து உழைக்கும் ஒரு பிள்ளையின் கையில் ஏன் எதுவுமே சேராது என்பதற்கு அதைவிடத் தெளிவான பொருளியல் பாடத்தை நான் வாசித்ததில்லை.

இதை என் அனுபவத்திலும் பார்த்தேன். நானும் இரண்டு நண்பர்களும் பழைய ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் என்று ஐந்து மெஷின் வாங்கி ஜாப் ஒர்க் ஆரம்பித்தோம். தையலில் எங்களைக் குறை சொல்ல ஆள் இல்லை. ஆனால் சனிக்கிழமை ஆனால் சம்பளம் கொடுத்தாக வேண்டும். தைத்துக் கொடுத்த வேலைக்குப் பில் பணம் வர 60 நாள், 90 நாள் ஆகும். பக்கத்து யூனிட்காரருக்கும் இதே நிலைதான். அவருக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் போட ஒரு மாமன் இருந்தார், ஒரு மச்சான் இருந்தார், அடமானம் வைக்க ஊரில் தோட்டம் இருந்தது. எங்களுக்கு என் மனைவியின் கம்மல் இருந்தது. மூன்றாவது வாரத்தில் அதுவும் அடகுக்கடைக்குப் போனது. ஏழு மாதத்தில் மெஷின்களை விற்றுவிட்டு மறுபடியும் பீஸ் ரேட்டுக்குப் போனேன். அவரும் உழைத்தார், நாங்களும் உழைத்தோம். சனிக்கிழமையைத் தாண்ட அவருக்கு ஒரு பாலம் இருந்தது. அந்தப் பாலத்தின் பெயர் சாதி. 'உழைப்பால் உயர்ந்தோம்' என்கிற புத்தகங்களில் இந்தச் சனிக்கிழமை வருவதில்லை.

அண்ணல் இதை முன்பே பார்த்திருக்கிறார். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்குவது என்று 1936-ல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். அதற்கு எட்டாண்டு முன்பே பம்பாய் ஆலைகளில் அதை நேரில் கண்டிருந்தார். கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு இடமில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும்; தலித் வாய் வைத்த நாடாவைத் தொடமாட்டோம் என்றார்கள் மற்றத் தொழிலாளர்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவை எங்களுக்கும் திறந்துவிடுங்கள் என்பதையும் கோரிக்கையில் சேர்க்கச் சொன்னார் அண்ணல்.

இங்கே நாம் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். திருப்பூரின் தையல் மெஷின் அந்த நாடாவைப் போல நம்மை விரட்டவில்லை. கார்ஸ்வெல், டி நெவே என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த வட்டாரத்து ஊர்களை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். விசைத்தறி ஊரில் முன்பணம் வாங்கிய தலித்துகள் தறிக்காரரிடம் கட்டுண்டு கிடக்கிறார்கள். பனியன் வேலைக்குப் போகிற ஊரிலோ, உள்ளூர் ஆதிக்கத்திலிருந்து ஓரளவாவது விலகி நிற்க முடிகிறது. பண்ணையத்துக்குப் போகாமல் கம்பெனி பஸ் ஏறிய முதல் தலைமுறைக்கு அது விடுதலைதான். என் அம்மா அந்தத் தலைமுறை. அதைச் சிறுமைப்படுத்தி எழுதும் புத்தகங்களையும் நான் ஏற்பதில்லை. ஆனால் மெஷினில் உட்கார இடம் கிடைப்பது ஒன்று, மெஷினுக்குச் சொந்தக்காரர் ஆவது இன்னொன்று. முதல் கதவு திறந்தது. இரண்டாவது இன்னும் சாத்தித்தான் இருக்கிறது.

தலித் தொழில்முனைவோரின் வெற்றிக் கதைகளைத் தொகுத்து தேவேஷ் கபூர், ஷியாம் பாபு, சந்திரபான் பிரசாத் மூவரும் 2014-ல் ஒரு நூல் தந்தார்கள். அதை மதிப்போடு வாசித்தேன்; ஏழு மாதத்தில் தோற்றவனுக்கு அந்தக் கதைகள் தெம்பு தரும். ஆனால் தடைகளைத் தாண்டியவர்களை எண்ணுவதோடு நின்றுவிடக் கூடாது. தடையை வைத்தது யார் என்றும் கேட்க வேண்டும்.

1938-ல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் பேசிய அண்ணல், நமக்கு எதிரிகள் இரண்டு என்றார்: பார்ப்பனியம், முதலாளியம். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் மறுப்பதையே பார்ப்பனியம் என்கிறேன் என்று விளக்கினார். சாரியின் தலைப்பை இங்கே மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒரு சாதிக்குள் மட்டும் ஓடும் சகோதரத்துவம் மூலதனம் ஆகிறது. எல்லோருக்குமான சகோதரத்துவம்தான் அண்ணல் கேட்டது. இரண்டுக்கும் ஒரே சொல், அர்த்தம் நேரெதிர்.

மாணவ நண்பர்களே, தொழிலைப் பற்றி எந்தப் புத்தகம் கையில் கிடைத்தாலும் இந்த ஒரு கேள்வியோடு திறங்கள்: யாருடைய உழைப்பு முதலானது, யாருடையது கூலியோடு நின்றது? பிறகு வீட்டுக்குப் போய் அம்மாவின் சம்பள நோட்டை எடுத்துப் பாருங்கள். எத்தனை ஒன்றரை ஷிப்ட், எவ்வளவு அட்வான்ஸ், எந்தக் கம்பெனி எந்த வருடம் என்று எல்லாம் அதில் இருக்கும். நம்முடைய பொருளியல் நூல் அங்கே பாதி எழுதிக் கிடக்கிறது. மீதியை நீங்கள் எழுதுங்கள்.