மக்காத நஞ்சும் மடியில் குழந்தையும்



பட்டணத்துக்குப் போனவர்கள் கிண்டியைப் பார்த்திருப்பீர்கள். 1958-ல் தொடங்கிய தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகமும் அங்கேதான். "தொழிற்சாலை நஞ்செல்லாம் பட்டணத்துச் சமாசாரம், நமக்கென்ன?" என்று இருந்துவிடாதீங்க.

சாணி மக்கும், இலைதழை மக்கும். சில ரசாயனங்கள் பல வருஷமானாலும் மக்காது. டி.டி.டி., முன்பு டிரான்ஸ்பார்மர் எண்ணெயாகப் பயன்பட்ட பி.சி.பி., பிளாஸ்டிக் குப்பை எரியும்போது உண்டாகும் டையாக்சின் எல்லாம் இந்த வகை. இவை தண்ணீரில் கரைந்து போகாமல் கொழுப்பில் தங்கிவிடும். புழுவை மீன் தின்னும், மீனைப் பறவை தின்னும். படிக்குப் படி நஞ்சு ஏறும். டி.டி.டி.யால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்து, சில பறவையினங்கள் பல நாடுகளில் அருகிப்போயின.

மனிதரும் அந்தப் படிவரிசையில்தான் இருக்கிறோம். கிண்டிக்குத் தென்கிழக்கே உள்ள பெருங்குடியில் நகரத்துக் குப்பையைப் பல காலம் கொட்டி எரித்தார்கள். குப்பைமேட்டில் மாடுகளும் மேய்ந்தன. அந்தச் சுற்றுவட்டாரத் தாய்மார்களின் பாலில் டையாக்சின் மற்ற இடங்களைவிட அதிகம் என்று 2004-ல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. அங்கு மேய்ந்த பசுவின் பால் வழியாக அது வந்திருக்கலாம் என்றும் சொன்னது.

இதைக் கேட்டுப் பயந்து, பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிடாதீங்க அம்மா! தாய்ப்பாலின் நன்மை மிகப் பெரிது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள். நிறுத்த வேண்டியது நஞ்சு வரும் வழியைத்தான். அதற்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து செய்ய வேண்டியவை:

1. பிளாஸ்டிக், டயர், ஒயர் இவற்றைக் கொளுத்தாதீர்கள். அடுப்பு பற்றவைக்கவும் பிளாஸ்டிக் வேண்டாம்.

2. மாட்டையும் கோழியையும் குப்பைமேட்டில் மேயவிடாதீர்கள்.

3. பூச்சிமருந்து டப்பாவைக் கழுவினாலும் தண்ணீருக்கோ தானியத்துக்கோ உதவாது.

4. பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்; உடம்பில் தடவாதீர்கள்.

இத்தகைய நஞ்சுகளை ஒழிக்க 2001-ல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. 2006-ல் இந்தியாவும் சேர்ந்தது. 2011-ல் எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சர்க்கார் சட்டம் போடலாம். நம் கொல்லையில் எரியும் குப்பையை நாம்தான் அணைக்க வேண்டும்.

அளவான குடும்பம் மட்டும் போதாது. பிறந்த பிள்ளை நஞ்சில்லாத மண்ணில் வளர வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் இருவரும் கலந்து பேசுங்கள்.